நன்றாகப் பேசினால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள்

சென்ற வாரம் விடிகாலையில் மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 19 வயது இளைஞனைக் கொண்டுவந்தார்கள். முந்தைய மாலை நான்குவழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து, சில நொடிகள் நினைவிழந்து, தானே எழுந்து, யாரோ வாங்கிக் கொடுத்த சோடாவைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். இரவு அவன் விட்ட குறட்டையை அசதி என்று எண்ணியவர்கள், விடியலில் எழுப்பியும் எழாதபோதுதான் பதறியிருக்கிறார்கள். வலது கண்பாவை விரிந்து, இடது கையும் காலும் அசைவற்றிருந்தன. “நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தான் சார், சாப்பிடக்கூடச் செஞ்சான்” என்றார் தந்தை. தலைக்காயப் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு இந்தச் சொற்கள் மனப்பாடம்.

பேசினான் என்பதாலேயே மூளைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. நெற்றிப்பொட்டில் எலும்பு மெலிது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் விரிசல் விழும்போது அந்தத் தமனி கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே ரத்தம் சேர்கிறது. மூளையைச் சுற்றியுள்ள நீர் விலகி இடம் கொடுக்கும்வரை மனிதர் பேசுவார், நடப்பார், காப்பி கேட்பார். அந்த இடம் தீர்ந்ததும் மளமளவென்று நிலைமை மோசமாகும். இந்த இடைவேளை சிலருக்குச் சில நிமிடங்கள், சிலருக்குப் பல மணி நேரம். இத்தகைய ரத்தக்கட்டை உரிய நேரத்தில் அகற்றினால் முழுமையாகத் தேறுகிறவர்கள் பலர் என்பதால்தான், தாமதமாக வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ‘வெளியே ரத்தமே வரவில்லையே’ என்பதும் இதே தவறுதான். தோல் கிழிந்தால் சிறு காயத்திலும் ரத்தம் கொட்டும்; உள்ளே நடப்பதற்கு அது அளவுகோல் அன்று.

கண் திறப்பு, பேச்சு, அசைவு ஆகியவற்றை வைத்து 15க்கு எத்தனை என்று நாங்கள் மதிப்பிடுகிறோம். 13 முதல் 15 வரை லேசான காயம், 8 அல்லது அதற்குக் கீழ் கடுமையான காயம். அது அந்த நேரத்து எண் மட்டுமே; பிறகு குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடிக்கடி எழுப்பிப் பார்க்கும் செவிலியரிடம், தூங்க விடுங்கள் என்று தயவுசெய்து சண்டை போடாதீர்கள்.

மூளை கன்றிப்போன இடம் இரண்டாம், மூன்றாம் நாளில் வீங்கலாம். தலை வேகமாகச் சுழன்று நரம்பிழைகள் அறுந்தால், சி.டி. ஸ்கேனில் அதிகம் தெரியாமலே ஆழ்ந்த மயக்கம் நீடிக்கும். குளியலறையில் வழுக்கிய பாட்டிக்குச் சில வாரங்கள் கழித்து நடை தள்ளாடி, பேச்சு குழறினால், அதை வயதின் மேல் போடாதீர்கள்; உள்ளே மெல்லக் கசிந்து சேர்ந்த ரத்தமாக இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. உயிர் பிழைத்த பிறகும் வலிப்பு, மறதி, வாசனை தெரியாமை, காரணமற்ற கோபம் தொடரலாம். “இவர் பழைய ஆளே இல்லை” என்று அழும் மனைவியரிடம், அது திமிரோ செய்வினையோ அல்ல, அடிபட்ட மூளையின் நடத்தை என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின்மேல் வைக்காமல் தலையில் போட்டு வாரை மாட்டுங்கள். பின்னால் அமர்பவருக்கும், நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் சட்டப்படி அது கட்டாயம். விழுந்தவருக்குச் சோடாவும் தண்ணீரும் கொடுக்காதீர்கள், கழுத்தை மடக்கித் தூக்காதீர்கள், குடிபோதை என்று ஒதுக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். செலவுக்கு அஞ்சி வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக 2021 முதல் அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பினாலும் அன்றிரவு ஒருவர் அருகிலேயே படுத்திருங்கள். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல் கசிவு, எழுப்புவதற்குச் சிரமம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் உடனே கிளம்பி வாருங்கள்.