முதல் கெக், கோப்பை முழுக்க நுரை

வீட்டில் காய்ச்சிய முதல் பீரை கெக் என்னும் உலோகப் பீப்பாயில் நிரப்பி, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை 30 பிஎஸ்ஐ-யில் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு) வைத்துவிட்டு, மறுநாளே குழாயைத் திருப்பினேன். கோப்பை முழுக்க வெள்ளை நுரை. அது அடங்கியபோது அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு பீர் இருந்தது. குடித்தால் சப்பென்று இருந்தது. வாயு கூடிவிட்டதா, போதவில்லையா?

விடை வினோதமானது: வாயு கெக்குக்குள் ஏராளம், பீருக்குள் கொஞ்சம்தான்.

நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. வாயுவில் பெரும்பகுதி அப்போதே வெளியேறிவிடும். 20 டிகிரி செல்சியஸில் நொதித்து முடிந்த ஒரு லிட்டர் பீரில் மிஞ்சுவது ஏறக்குறைய 0.85 லிட்டர் வாயு. நாக்கில் சுருக்கென்று ஏற வேண்டுமானால் இரண்டரை லிட்டர் வேண்டும். 19 லிட்டர் கெக்குக்கு நாம் சேர்க்க வேண்டிய வாயுவை எடைபோட்டால் சுமார் 60 கிராம்தான். அவ்வளவுக்குத்தான் இத்தனை பாடு.

திரவத்தின் மேல் ஒரு வாயு எவ்வளவு அழுத்துகிறதோ, அந்த அளவுக்கு அது உள்ளே கரையும் என்று 1803-இல் வில்லியம் ஹென்றி காட்டினார். குளிர்ந்த திரவம் இன்னும் தாராளமாக இடம் கொடுக்கும். 4 டிகிரியில் இருக்கும் பீருக்கு 12 பிஎஸ்ஐ போதும். அதே வாயுவை 20 டிகிரியில் கரைக்க 30 பிஎஸ்ஐ-யை நெருங்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாமல் இந்த வேலை கஷ்டம்.

ஆனால் ஹென்றியின் விதி எங்கே போய் நிற்கும் என்பதைத்தான் சொல்கிறது, எப்போது என்பதைச் சொல்லாது. கெக் ஒடுங்கி உயர்ந்த பாத்திரம். உள்ளே வாயு பீரைத் தொடும் பரப்பு ஒரு தட்டின் அகலம்தான். மேலடுக்கு சீக்கிரம் நிறைந்துவிடும். அங்கிருந்து அடிவரை வாயு ஊர்ந்துதான் இறங்க வேண்டும். 12 பிஎஸ்ஐ-யில் வைத்து மறந்துவிட்டால் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அழுத்தத்தைக் கூட்டிக் கெக்கைக் குலுக்கினால் பரப்பு பெருகி, சில நிமிடங்களில் வேலை முடியும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எப்போது நிறுத்துவது என்று தெரியாது, அடியில் படிந்த ஈஸ்டும் கலங்கி மேலே வரும்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய ஒன்றுதான் உண்டு: மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவிக் கசிவு பார்ப்பது. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் முள்ளை நம்ப வேண்டாம். உள்ளே திரவமாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, கடைசிச் சொட்டு தீரும்வரை ஏறக்குறைய ஒரே அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மீதி எவ்வளவு என்று தராசுதான் சொல்லும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத சின்ன அறையில் சிலிண்டர் காலியாகக் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, அந்த நுரை? அது கெக்கிலிருந்து பீரைக் கொண்டுவரும் குழாயின் வேலை. கெக்குக்குள் அழுத்தத்தில் அடங்கியிருந்த வாயு, அந்த அழுத்தம் சட்டென்று விலகினால் பொங்கிவிடும். என் குழாய் அரை மீட்டர்தான். போதாக்குறைக்கு 30 பிஎஸ்ஐ வேறு. பீர் சீறிப் பாய்ந்து, கரைந்திருந்த கொஞ்சநஞ்ச வாயுவையும் கோப்பையிலேயே கொட்டிவிட்டது. உள்விட்டம் 5 மில்லிமீட்டர் அளவிலான 3 மீட்டர் குழாய் என்றால், சுவரோடு உரசி உரசி வழியிலேயே அழுத்தம் கரைந்து, பீர் நிதானமாக வந்து சேரும்.

குழாயை மாற்றி, 12 பிஎஸ்ஐ-க்கு இறக்கி, பன்னிரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. அப்புறம் பிடித்த முதல் கோப்பையிலும் பாதி நுரைதான், ஏனென்றால் ஃப்ரிட்ஜுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய்முனை வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டாவது கோப்பையில் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை இருந்தது. இந்த முறை மேலே.