ஹீட்டர் எரிந்தால் நாசிலைப் பாருங்கள்

கோத்தகிரி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் இறக்கும் பழைய டீசல் பிக்கப் அவருடையது. மார்கழிக் குளிரில் விடியற்காலை ஸ்டார்ட் ஆக அடம்பிடித்ததால் இன்ஜினுக்குள் சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்கையும் புதிதாக மாற்றினார். மூன்று வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் பழைய கதைதான்: செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சைலன்சரிலிருந்து கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வருகிறது, இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. கழற்றிப் பார்த்தால் புதிய பிளக்கில் இரண்டு கருகிக் கிடக்கின்றன. "போலிச் சரக்கா, இல்லை அப்பா சொல்வதுபோல் வண்டிக்குத் திருஷ்டியா?" என்று கேட்கிறார்.

போலிச் சரக்காகவும் இருக்கலாம். ஆனால் நான்கும் ஒரே கடையில் வாங்கியவை, கருகியவை இரண்டுதான். அந்த இரண்டும் எந்த சிலிண்டரில் இருந்தன என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதே சிலிண்டர்களுக்கு டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்தால் பதில் அங்கே இருக்கும் என்பது என் கணிப்பு.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது என்பது தெரிந்ததுதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே தத்துவம். காற்றை வேகமாக நெருக்கினால் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். மலாய் நாட்டிலும் ஜாவாவிலும் ஒரு சிறு குழலுக்குள் தண்டை ஓங்கி அடித்து, உள்ளே வைத்த பஞ்சைப் பற்றவைக்கும் வழக்கம் இருந்தது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய இன்ஜினுக்கும் அதற்கும் அடிப்படை ஒன்றே.

கணக்குப் போட்டால், 5 டிகிரிக் காற்றை 22 மடங்கு நெருக்கும்போது வெப்பம் 680 டிகிரி சென்டிகிரேடைத் தொட வேண்டும். தாராளமாகப் போதும். ஆனால் இது சூடு எங்கேயும் கசியாத கணக்கு. விடியற்காலையில் இரும்பு முழுக்கச் சில்லென்று இருக்கிறது, பேட்டரி சோர்ந்திருக்கிறது, செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. சூட்டைச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது, காற்றும் பிஸ்டன் ரிங் ஓரமாகக் கசிகிறது. கிடைப்பது அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். டீசல் தானாகப் பற்ற 250 டிகிரி போதும் என்று படித்திருப்பீர்கள். அது நின்று நிதானமாகப் பற்றுவதற்கான அளவு. இன்ஜினுக்குள் அதற்குக் கிடைப்பது ஒரு விநாடியில் மிகச்சிறு பங்கு நேரம். அதற்குள் பற்றாத டீசல்தான் வெள்ளைப் புகையாக வெளியே வந்து கண்ணை எரிக்கிறது.

பழைய பிக்கப்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மஹிந்திரா வண்டிகளில் பல வருடம் ஓடிய 2,112 சிசி பீஜோ இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் நேராக பிஸ்டன் மேல் விழாது. சிலிண்டர் ஹெட்டில் குடைந்த ஒரு சின்ன உருண்டை அறையில் தெளிக்கப்பட்டு, அங்கே சுழலும் காற்றோடு கலந்து பற்றி, ஒரு குறுகலான வாய் வழியாகப் பீறிட்டு வெளியேறும். ஆங்கிலேயப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ 1930களில் பரப்பிய வடிவம் இது. சத்தம் குறைவு, டீசலைத் தெளிக்க அதிக அழுத்தமும் தேவையில்லை. குறை என்னவென்றால், சின்ன அறைக்குச் சுவர்ப் பரப்பு அதிகம். குளிரில் சூட்டையெல்லாம் அதுவே விழுங்கிவிடும். அதனால்தான் அந்த அறைக்குள் ஹீட்டர் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த மூக்கு ஒரு நிக்கல் கலவை உறை. உள்ளே மக்னீசியம் ஆக்சைடு பொடி, பொடிக்குள் புதைந்த கம்பிச்சுருள். பல பிளக்குகளில் இரண்டு சுருள் இருக்கும். நுனியில் இருப்பது சூடாக்க. அதற்குப் பின்னால் தொடராக இருக்கும் இரண்டாவது, சூடேற ஏற மின்தடையைப் பல மடங்கு உயர்த்திக்கொள்ளும். சாவி போட்டதும் மின்சாரம் தாராளமாகப் பாய்கிறது. நுனி சிவந்ததும் இரண்டாவது சுருளே அதைக் குறைத்துவிடுகிறது. எந்தக் கணினியும் இல்லாமல் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு. நல்ல பிளக்கின் மின்தடை ஆறிய நிலையில் 1 ஓம் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும். வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் போதும், செத்த பிளக் எது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, இனி நாசில். மேட்டுப்பாளையத்தில் ஒரு டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் அரைநாள் உட்கார்ந்து பார்த்த பிறகு என்னை விடாமல் பிடித்துக்கொண்ட பொருள் இது.

இன்ஜெக்டரின் நுனியில் இருக்கும் நாசிலில் அசையும் பாகம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு ஊசி. பென்சிலைவிட மெல்லியது, கண்ணாடிபோல் வழவழப்பானது. அது போய் உட்காரும் உறைக்கும் அதற்கும் இடையே 2 முதல் 4 மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியும் உறையும் ஜோடியாகத் தேய்த்துச் செய்தவை. ஒன்றின் ஊசியை இன்னொன்றின் உறையில் போடக் கூடாது. கடைக்காரர் ஊசியைச் சுத்தமான டீசலில் நனைத்து, உறையைச் சாய்த்துப் பிடித்து, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விட்டார். தன் எடையிலேயே, தயங்காமல், ஒரே சீராக வழுக்கி இறங்கி உட்கார்ந்தது.

ஊசியை மேலிருந்து ஒரு கனத்த ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது. அதைத் திறப்பது யார்? டீசலேதான். ஊசியின் தடிமன் 6 மில்லிமீட்டர், அது ஓட்டையை மூடும் இடம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடியிருக்கும்போது நுனிக்குக் கீழே டீசல் இல்லை. ஆகவே அழுத்தம் ஊசியின் தோள்பட்டையில், அதாவது தடித்த உடல் நுனியை நோக்கி மெலியும் இடத்தில், மட்டும் படுகிறது. அந்த வளையத்தின் பரப்பு சுமார் 21 சதுர மில்லிமீட்டர். பம்பின் அழுத்தம் 125 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 125 மடங்கு) ஆனதும் மேல்நோக்கிய விசை 27 கிலோ எடைக்குச் சமமாகிறது. ஸ்பிரிங் அந்த அளவுக்கு வைக்கப்பட்டிருந்தால், அந்தக் கணமே ஊசி எழும். எழுந்த மாத்திரத்தில் நுனிக்கு அடியிலும் டீசல் புகுந்துவிடுகிறது. இப்போது முழு 28 சதுர மில்லிமீட்டரும் அழுத்தத்துக்கு ஆளாகிறது. விசை 36 கிலோவாகத் தாவுகிறது. அதனால் ஊசி தயங்கித் தயங்கித் திறப்பதில்லை, படாரென்று துள்ளித் திறக்கிறது. மூடுவதற்கும் 125-க்குக் கீழே வந்தால் போதாது. 94 பார் வரை இறங்க வேண்டும். இறங்கியதும் படாரென்று மூடுகிறது. திறப்பதற்கு ஒரு எல்லை, மூடுவதற்கு வேறொரு எல்லை. அரைகுறையாகத் திறந்து ஒழுகும் நிலைக்கே இடம் இல்லை. பள்ளியில் படித்த 'அழுத்தம் பெருக்கல் பரப்பு' என்ற ஒரே கணக்கு ஒரு இரும்பு ஊசிக்கு இவ்வளவு திட்டவட்டமான குணத்தைக் கொடுத்திருக்கிறது.

இதைக் காதாலேயே கேட்கலாம். இன்ஜெக்டரை டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை மெதுவாக அழுத்தினால், அழுத்தம் ஏறுகிறது, ஊசி திறக்கிறது, கொஞ்சம் டீசல் போனதும் அழுத்தம் விழுகிறது, மூடுகிறது, மறுபடி ஏறுகிறது. ஒரு விநாடிக்குள் இது பலமுறை நடப்பதால் 'கிர்ர்ர்' என்று கதவு முனகுவதுபோல் சத்தம் வரும். கூடவே நுனியில் புகைபோல ஒரு கூம்பு விரியும். அன்று மாட்டிய முதலாவது நாசில் அப்படித்தான் முனகியது. இரண்டாவதில் சத்தமே இல்லை. மெல்லிய கோடாக டீசல் ஒருபக்கம் பீச்சியது. கைப்பிடியை விட்டதும் நுனியில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. "பார்த்தீங்களா தம்பி, இது அடிக்கலீங்க, ஊத்துது" என்றார் கடைக்காரர்.

ஊத்தும் நாசில்தான் ஹீட்டரைக் கொல்கிறது. மூடுபனியாக வர வேண்டிய டீசல் கோடாக வந்து, ஒருசில மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் ஹீட்டர் நுனியில் அடிக்கிறது. அங்கேயே கரி கட்டுகிறது, அங்கேயே கேஸ் கட்டர் சுடர்போல எரிகிறது. ஸ்பிரிங் தளர்ந்து குறைந்த அழுத்தத்திலேயே திறந்தால் டீசல் நேரத்துக்கு முன்பே உள்ளே போய், எரிப்பும் முந்திக்கொள்கிறது; அறையின் சூடு கூடுகிறது. நிக்கல் உறை உப்பிப் பிளக்கிறது, பொடி கொட்டுகிறது, சுருள் அறுகிறது. புதிய ஹீட்டர் போட்டாலும் அதே சுடரில்தான் போய் நிற்கும். நான்கு ஹீட்டரும் ஒன்றாக எரிந்திருந்தால் வேறு கதை: ஹீட்டருக்கு மின்சாரம் விடும் ரிலே ஒட்டிக்கொண்டு, இன்ஜின் ஓடும்போதும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கலாம். ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடம் கழித்து பிளக்கில் வோல்ட் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வாசகரின் அப்பா சொன்ன திருஷ்டிக்கு வருகிறேன். எலுமிச்சம்பழம் கட்டுவதால் இன்ஜினுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. என் வருத்தம் வேறு. திருஷ்டி என்று சொன்ன நிமிடமே 'எந்த சிலிண்டர்?' என்ற கேள்வி நின்றுபோகிறது. அந்தக் கேள்வியைப் பள்ளியிலேயே பழக்க வேண்டும். ஒரு நாசில் டெஸ்டர் என்பது கைப்பிடி, மீட்டர், ஒரு குட்டி டேங்க் அவ்வளவுதான். புதிய தொழில்நுட்பப் பூங்காக்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியை எடுத்து, அரசு தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு மட்டுமல்லாமல் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆய்வகங்களுக்கும் இதை வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. அழுத்தமும் பரப்பும் அதைவிடத் தெளிவாகக் காதில் விழும் இடம் எனக்குத் தெரியாது.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு நாள் சாயங்காலம் ஹீட்டர் மரையில் துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். நுனி உப்பிய பிளக் பாதியில் நின்றால் பலம் காட்ட வேண்டாம். முன்னும் பின்னும் கால் திருப்பு ஆட்டி எடுங்கள். நுனி முறிந்து அறைக்குள் விழுந்தால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். இன்ஜெக்டர் பைப்பைத் தொடும் முன் சுற்றிலும் பிரஷ் போட்டுத் துடையுங்கள். 3 மைக்ரான் இடைவெளிக்கு ஒரு மணல் துகள் பாறைக்குச் சமம். கழற்றிய வாய்களை உடனே மூடிவிடுங்கள். அடியில் இருக்கும் செம்பு வாஷரும் வெப்பத் தடுப்பு வாஷரும் கட்டாயம் புதியவை வேண்டும், பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்க்க வேண்டும். பழையது உள்ளேயே ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் மேலேயே புதியதைப் போட்டால் நாசில் தன் இடத்தில் உட்காராது.

நான்கு இன்ஜெக்டரையும் சிலிண்டர் எண் எழுதி பம்ப் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். நாசில் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். திறக்கும் அழுத்தத்தை உள்ளே இருக்கும் ஷிம் தகட்டால் சரிசெய்வார்கள், 0.05 மில்லிமீட்டர் தகடு கூடினாலே ஏறத்தாழ 5 பார் ஏறும். நான்கும் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். டெஸ்டரில் அடிக்கும்போது கையை நுனிக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

மாட்டிய பிறகு ஹேண்ட் பம்பை அடித்துக் காற்றை எடுத்து, இன்ஜெக்டர் பைப்பை இணைக்கும் யூனியன் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து டீசல் வந்ததும் இறுக்குங்கள். சீக்கிரம் பற்றட்டும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி ஈதர் ஸ்பிரே மட்டும் அடித்துவிடாதீர்கள். சிவந்த ஹீட்டர் இருக்கும் இன்ஜினில் அது நேரம் தவறி வெடித்து, ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும்.

ஒரு மாதம் மண்டிக்கு ஓட்டிவிட்டு, முன்பு எரிந்த சிலிண்டரின் ஹீட்டரைக் கழற்றிப் பாருங்கள். நுனி உலர்ந்து, சாம்பல் கலந்த பழுப்பில் இருந்தால் நாசில் அடிக்கிறது. கருத்து ஈரமாக இருந்தால் இன்னும் ஊத்துகிறது. எது என்று எழுதி அனுப்புங்கள்.