மறுபடியும் ஃபார்மட்டா?

போன வாரம் ஒரு கல்லூரி மாணவி லேப்டாப்பைக் கொண்டுவந்து என் சர்வீஸ் கடை மேசை மேல் வைத்தார். "வைரஸ் அண்ணா. நடுவுல அப்படியே நின்னுடுது, அப்புறம் தானா ஆஃப் ஆயிடுது. மூணு தடவை ஃபார்மட் போட்டாச்சு." மூன்றாவது தடவையில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டும் சேர்ந்து போய்விட்டது. உள்ளே இருப்பது எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்பதால் மீட்டெடுக்கவும் வழியில்லை.

அடிமூடியைக் கழற்றினேன். ஃபேன் காற்றை வெளியே தள்ளும் இடத்தில் தூசி பஞ்சுப் பட்டையாகப் படிந்து அடைத்திருந்தது. ட்வீசரால் இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. ப்ராசசர் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. மூன்று முறை காசு வாங்கியவர் ஒருமுறைகூட ஸ்க்ரூவில் கை வைக்கவில்லை. எங்கள் தொழிலில் ஃபார்மட் என்பது நோகாமல் வரும் காசு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபார்மட் போட்டால் டிஸ்க்கில் எழுதியிருப்பது அழியும், தூசி அழியாது. தூசி அடைத்திருக்கும் வரை சூடு வெளியே போகாது. "ஆனா ஒரு வாரம் நல்லா ஓடுச்சே?" ஓடும். பின்னால் ஓடிக்கொண்டிருந்த பத்து சாஃப்ட்வேரும் போனதால் வேலை குறைந்தது, சூடும் குறைந்தது. அவற்றைத் திரும்பப் போட்டதும் பழைய குருடி கதவைத் திறடி.

நம்பிக்கை வரவில்லையா? ஆன் செய்ததும் எஃப்2 அழுத்தி (சில மாடல்களில் வேறு பட்டன்) பயாஸ் திரைக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) போய் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அங்கே விண்டோஸே ஓடுவதில்லை. அங்கேயும் அணைந்தால் கோளாறு ஹார்ட்வேரில்தான். அணையாவிட்டால் உடனே விண்டோஸ் மேல் பழி போடாதீர்கள். ஹெச்டபிள்யூ மானிட்டர் என்ற, சூட்டைக் காட்டும் சாஃப்ட்வேரைப் போட்டு, வேலை கொடுத்து, சூட்டைப் பாருங்கள். 80 டிகிரி வரை கவலையில்லை. 100-ஐ நெருங்கினால் ப்ராசசர் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் அடங்காவிட்டால், கருகிப்போகாமல் இருக்கத் தானே அணைத்துக்கொள்ளும்.

எல்லாமே சூடு என்றும் சொல்ல மாட்டேன். மவுஸ் நகர்கிறது, ஃபைல் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, உள்ளே டிக் டிக் என்று சத்தம் என்றால் ஹார்ட் டிஸ்க் கடைசி மூச்சில் இருக்கிறது. முதலில் காப்பி எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. டச்பேட் மேலெழும்பி நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். தயவுசெய்து அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.

மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்துப் படம் பார்ப்பதை விடுங்கள். மூச்சு விடும் துளையே அடியில்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள். வீட்டிலேயே ப்ளோயர் அடிப்பவர்கள், ஃபேனை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும்.

அந்த லேப்டாப்பில் பேஸ்ட் மாற்றி இரண்டு மணி நேரம் வீடியோ ஓடவிட்டேன். 72-ஐத் தாண்டவில்லை. ப்ராஜெக்ட்டைத்தான் அந்தப் பெண் முதல் பக்கத்திலிருந்து மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறார்.