ட்ரோன்: கரையில் வலவன் நிற்கும் வானூர்தி

ட்ரோன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் ஆண் தேனீ. அது தேன் சேர்க்காது, கொட்டாது. ரீங்காரம் மட்டும் பலமாக இருக்கும். 1935இல் பிரிட்டன், பீரங்கிப் பயிற்சிக்குக் குறியாக வானொலியால் இயங்கும் விமானம் ஒன்றைச் செய்து ‘குயின் பீ’, அதாவது ராணித் தேனீ என்று பெயரிட்டது. அதைப் பார்த்துத் தாங்களும் ஒன்று செய்ய இறங்கிய அமெரிக்கக் கடற்படையினர் அடுத்த ஆண்டே ட்ரோன் என்று சொல்லத் தொடங்கினார்கள். ராணிக்குப் பொருத்தமாக ஆண் தேனீ.

தமிழில் ‘ஆளில்லா விமானம்’ என்கிறோம். புறநானூற்று 27ஆம் பாட்டில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ வருவதால் அந்தத் தொடர் நமக்கு இன்னும் இனிக்கிறது. வலவன் என்றால் தேர்ப்பாகன், செலுத்துபவன். ஆனால் பாட்டின் ஊர்தி, புகழுடையோர் விண்ணுலகம் போக ஏறுவது. அதில் ஏறிச் செல்பவர் உண்டு, செலுத்துபவர் இல்லை. ட்ரோனில் ஏறுபவர் இல்லை, செலுத்துபவர் உண்டு. ஆகவே ‘தொலையியக்கு வானூர்தி’ என்பதே சரியான நிகர்ச்சொல். பேச்சில் ட்ரோன் என்றே சொல்லலாம். ‘ஆளில்லா’ என்பதைத்தான் விடவேண்டும்.

இந்த வேறுபாட்டின் கனத்தை ஆற்று மீன் கணக்கெடுப்பில் பார்க்கலாம். 2010 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், முட்டையிட ஆற்றுக்கு வரும் சினூக் சால்மன் மீனின் முட்டைக்குழிகளை எண்ணப் புறப்பட்ட ஹெலிகாப்டர் விழுந்து விமானியும் இரண்டு உயிரியலாளர்களும் இறந்தார்கள். அதன்பின் ஸ்நேக் ஆற்றின் ஹெல்ஸ் கேன்யன் என்னும் ஆழப் பள்ளத்தாக்கில் இந்த வேலைக்கு ஐடஹோ பவர் என்ற மின்சார நிறுவனம் தொலையியக்கு வானூர்தியைக் கொண்டுவந்தது. வலவன் கரைக்கு இறங்கிவந்தார், அவ்வளவுதான். ஊர்தியைக் கண்பார்வைக்குள் வைத்திருக்கும் பொறுப்பை அமெரிக்க விதி இன்றும் அவர்மேல்தான் வைக்கிறது.

எண்ணுவதும் மீனை அல்ல, முட்டைக்குழியை. பெண் மீன் வாலால் கூழாங்கல்லை அடித்துப் புரட்டும்போது பாசி படிந்த கருமை போய் வெளிறிய திட்டு தெரியும். நீரோட்டத்தின் மேற்புறம் பள்ளம், கீழ்ப்புறம் கல்மேடு. இரண்டும் சேர்ந்து தெரிந்தால்தான் குழி. வெறும் வெளிறல் நங்கூரம் உரசிய இடமாகவும் இருக்கலாம். சில வாரத்தில் பாசி மறுபடி மூடிவிடும். எனவே முட்டையிடும் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, திரும்பத் திரும்பப் பறக்கவேண்டும். குழிமேல் குழி விழுந்த இடத்தில் இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிடவேண்டும். ஆழமான குழிகள் மேலிருந்து தெரியாது. அவற்றுக்கு நீருக்குள் இறக்கும் கேமராதான்.

உயரத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. ஓர் அங்குல சென்சார், 20 மெகாபிக்சல், 8.8 மி.மீ. லென்ஸ் உள்ள கேமரா 30 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு பிக்சல் (படப்புள்ளி) கீழே சுமார் 0.8 செ.மீ. இடத்தைக் காட்டும், 80 செ.மீ. மீன் நூறு பிக்சல் நீளம் இருக்கும். ஆனால் கருவி காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. நீர்மட்டத்துக்கு 15 மீட்டர் மேலுள்ள பாறையிலிருந்து ஏற்றினால் உண்மை உயரம் 45, பிக்சல் 1.2 செ.மீ. ஆகிவிடும்.

நீர் பளபளத்துக் கண் கூசுவதற்கு, பிரதிபலித்த ஒளியை வடிகட்டும் போலரைசிங் ஃபில்டரை லென்ஸில் போட்டால் போதும் என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. செங்குத்தாகக் கீழே பார்க்கையில் நீர்ப் பிரதிபலிப்பு முனைவாக்கம் பெறுவதில்லை, அதாவது ஒளியின் அதிர்வு ஒரே திசைக்கு ஒழுங்குபடுவதில்லை; ஃபில்டரால் அதைப் பிரிக்க முடியாது. கேமராவைச் செங்குத்திலிருந்து 53 பாகை அளவில் சாய்த்தால்தான் ஃபில்டர் முழுப் பலன் தரும். நவம்பரில் அங்கே உச்சிவெயிலே தாழ்ந்திருப்பதால் சூரியப் பிம்பம் செங்குத்துப் படத்துக்குள் விழாது. தொல்லை தருவது பள்ளத்தாக்குச் சுவரின் நிழல்: பாதி ஆறு வெயிலில், பாதி இருட்டில். நிழல் விலகும் அந்த ஓரிரு மணி நேரத்தில் பறந்து, படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாதபடி எக்ஸ்போஷரைப் (கேமரா ஒளியளவை) பூட்டிவையுங்கள்.

ஒரு படம் அடுத்த படத்தின்மேல் 80 விழுக்காடு கவியும்படி எடுங்கள். ஒவ்வொன்றிலும் கரை கொஞ்சமாவது இருக்கட்டும். வெறும் நீர் மட்டும் உள்ள படத்தில், படங்களை ஒன்றாக இணைக்கும் மென்பொருளுக்குப் பிடித்து ஒட்ட நிலையான புள்ளி கிடைக்காது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; உடம்புச் சூட்டில் வைத்திருந்து மாட்டுங்கள்.

அறிக்கையில் ‘மீன்கள்’ என்று எழுதாமல் ‘முட்டைக்குழிகள்’ என்று எழுதி, பறந்த நாள், நீர்மட்டத்திலிருந்து உயரம், நீர்த்தெளிவு, வலவர் பெயர் நான்கையும் பக்கத்திலேயே குறியுங்கள்.