பத்தில் ஒரு விநாடித் தூக்கம்

"சார்ஜர் செருகியிருந்தால் மகளின் இணையவழி வகுப்பு தடையில்லாமல் ஓடுகிறது. கழற்றினால் ஐந்தே நிமிடத்தில் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாகிறது. வைஃபை குறியில் எல்லாக் கோடுகளும் முழுதாகத்தான் இருக்கின்றன. பக்கத்தில் வைத்திருக்கும் கைப்பேசியில் ஒரு குறையும் இல்லை. சார்ஜருக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்?"

தென்காசியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எட்டு ஆண்டுப் பழைய மடிக்கணினி. சென்ற மாதம்தான் அதில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் மூன்று பேர் மூன்று மருந்து சொன்னார்களாம். ரவுட்டரை ஈசானிய மூலைக்கு மாற்றச் சொன்னார் ஒருவர். இணையத்தில் கிடைத்த பத்து வரிக் கட்டளையை அப்படியே டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ஒட்டச் சொன்னார் இன்னொருவர். விண்டோஸுக்கே திரும்பிவிடுங்கள் என்றார் மூன்றாமவர். மூவருமே எதையும் அளந்து பார்க்கவில்லை. அந்த அம்மாள் அளக்காமலே ஒரு நல்ல தடயத்தைப் பிடித்திருக்கிறார்: சார்ஜர். அந்தக் கேள்விக்காகவே இந்தக் கட்டுரை.

வழக்கமான சோதனைகளை வேகமாகக் கடந்துவிடுவோம். விமானப் பயன்முறைப் பொத்தான் தவறுதலாக அழுந்தியிருக்கிறதா? மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டையை லினக்ஸ் அடையாளம் கண்டிருக்கிறதா? அட்டை இயங்க அதற்குள் ஏற்ற வேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்பு வட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் பதிவேட்டில் அதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கும். புதிதாக லினக்ஸ் நிறுவியவர்களுக்கு வைஃபையே தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லினக்ஸின் இன்னொரு வகையான டெபியன், 2023-இல் வெளியிட்ட 12-ஆம் பதிப்பிலிருந்து இந்தக் கோப்புகளை நிறுவியிலேயே சேர்த்துவிட்டதால் அந்தத் தொல்லை இப்போது குறைந்திருக்கிறது. கடைசியாக, சிக்னலின் வலிமை. வாசகியின் மகளிடம் தொலைபேசியில் பேசிப் பார்க்கச் சொன்னேன். மைனஸ் 48 டெசிபெல் மில்லிவாட் என்றாள். மைனஸ் 80-ஐத் தாண்டிக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும்; 48 மிக நல்ல சிக்னல். ஈசானிய மூலைக்கு இங்கே வேலையே இல்லை. ரேடியோ அலைக்குத் திசை தெரியாது. கான்கிரீட் சுவரும் இரும்பு பீரோவும்தான் தெரியும்.

சிக்னல் நன்றாக இருக்கிறது, இணைப்பும் இருக்கிறது, ஆனாலும் தரவு தடுமாறுகிறது. சார்ஜரைக் கழற்றும்போது மட்டும். அப்படியானால் அட்டை தூங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

வைஃபை அட்டை ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் எதையும் அனுப்புவதும் இல்லை, பெறுவதும் இல்லை. ஆனால் நமக்கு எப்போது தரவு வரும் என்று தெரியாததால் காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காதுகொடுத்தல்தான் செலவு. வெறுமனே காத்திருக்கும்போதும் ரேடியோவின் ஏற்பிச் சுற்று முழுதும் மின்சாரம் தின்றுகொண்டிருக்கும். இதைத் தவிர்க்க 1997-இல் வெளிவந்த முதல் வைஃபை தரநிலையிலேயே ஒரு வழி எழுதி வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தரநிலையில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

தூங்கப் போகுமுன் அட்டை ரவுட்டருக்கு ஒரு வெற்றுச் சட்டகத்தை அனுப்பும். உள்ளே செய்தி எதுவும் கிடையாது. தலைப்பகுதியில் ஒரே ஒரு பிட் மட்டும் சுழியிலிருந்து ஒன்றாக மாறியிருக்கும். "நான் உறங்கப் போகிறேன், எனக்கு வருவதை எடுத்து வை" என்பது அதன் பொருள். ரவுட்டர் அதற்கு ஒப்புதல் சொன்னதும் அட்டை ரேடியோவை அணைத்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கணினிக்கு வரும் தரவுப் பொட்டலங்களை ரவுட்டர் தன் நினைவகத்தில் அடுக்கி வைக்கிறது.

தூங்குகிறவனுக்குக் கடிதம் வந்திருப்பதை எப்படித் தெரிவிப்பது? ரேடியோவே அணைந்திருக்கிறதே, கூப்பிட்டால் கேட்காது. இங்கேதான் பீக்கன் வருகிறது. ரவுட்டர் ஒவ்வொன்றும் வழக்கமாக 102.4 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய பத்து முறை, "நான் இன்னார், இங்கே இருக்கிறேன்" என்று கலங்கரை விளக்கம்போல ஒரு சிறு அறிவிப்பை வெளியிடுகிறது. கைப்பேசியில் நாம் பார்க்கும் வைஃபை பெயர்ப் பட்டியலில் பல பெயர்கள் இப்படி வந்தவைதான். அந்தப் பீக்கனுக்குள் ஒரு பலகை இருக்கிறது. கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: தபால் வந்தால் உணவுக்கூட வாசலில் இருக்கும் கரும்பலகையில் அறை எண்ணை எழுதிவிடுவார்கள். சாப்பிட வரும்போது ஒரு பார்வை. எண் இருந்தால் காப்பாளர் அறைக்குப் போவோம், இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவோம்.

வைஃபையில் அறை எண்ணுக்குப் பதில், இணையும்போதே ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு வரிசை எண் கொடுக்கிறது: 1 முதல் 2007 வரை. பலகையில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பிட். தபால் இருந்தால் 1, இல்லையென்றால் 0. முழுப் பலகையும் வெறும் 251 பைட். அதையும் முழுதாக அனுப்புவதில்லை. ஐந்தாம் எண்ணுக்கு மட்டும் தபால் என்றால் அந்த பிட் இருக்கும் பகுதியை மட்டும் கத்தரித்து, எங்கிருந்து தொடங்குகிறது என்ற குறிப்போடு அனுப்பிவிடுகிறது. விநாடிக்குப் பத்து முறை போகும் செய்தி அல்லவா, ஒவ்வொரு பைட்டும் காற்றில் எல்லோருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். இந்தச் சிக்கனத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதை எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. பீக்கன் வரும் அந்தக் கணத்தில் அட்டை விழித்திருக்க வேண்டும். சற்று முன்னே விழித்தால் மின்சாரம் வீண். சற்றுப் பின்னே விழித்தால் பலகையைப் பார்க்க முடியாது. எனவே ஒவ்வொரு பீக்கனோடும் ரவுட்டர் தன் கடிகாரத்தையும் சொல்லி அனுப்புகிறது: மைக்ரோ விநாடிகளை எண்ணும் 64 பிட் எண். மடிக்கணினியின் குவார்ட்ஸ் படிகம் நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி முன்பின் போகக்கூடியது. அதனால் என்ன? விநாடிக்குப் பத்து முறை திருத்திக்கொள்கிறதே.

இதை நம் கண்ணாலேயே பார்க்கலாம். ரவுட்டரில் கம்பி வழி இணைந்த வேறொரு கணினி வேண்டும். அதிலிருந்து மடிக்கணினிக்கு பிங் அனுப்புங்கள். பிங் என்பது விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறாயா?" என்று கேட்டு, பதில் வர எவ்வளவு நேரமானது என்று காட்டும் கட்டளை. மடிக்கணினியில் ரேடியோவின் மின்சிக்கனத்தை இயக்கிவிட்டு நான் என் வீட்டில் பார்த்தபோது மில்லி விநாடியில் வந்த எண்கள் இவை: 11, 35, 59, 83, 5, 29, 53, 77, 101, 22.

படிக்கட்டுபோல ஏறி, உச்சியில் சட்டென்று கீழே விழுந்து, மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு படியும் 24. இந்த 24 எங்கிருந்து வந்தது? பத்து பீக்கன்களுக்கு 1024 மில்லி விநாடி. பிங்கோ 1000 மில்லி விநாடிக்கு ஒருமுறை போகிறது. எனவே ஒவ்வொரு முறையும் பிங் முந்தைய முறையைவிட 24 மில்லி விநாடி முன்னதாக ரவுட்டரை அடைந்து, அடுத்த பீக்கனுக்காக அவ்வளவு கூடுதலாகக் காத்திருக்கிறது. காத்திருப்பு 102.4-ஐ எட்டினால் அதற்கு முந்தைய பீக்கனே கிடைத்துவிடும். எண் கீழே விழுகிறது. வைஃபை தன் நேர அலகை 1000 மைக்ரோ விநாடியாக வைக்காமல், இரும எண்ணுக்கு இசைவாக 2-இன் பத்தாம் அடுக்கான 1024 மைக்ரோ விநாடியாக வைத்திருக்கிறது. அந்த ஒரு முடிவு ஒரு சாதாரண பிங் பட்டியலில் படிக்கட்டாக எழுந்து நிற்கிறது. ஆஸிலோஸ்கோப்பும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம்.

இப்போது தென்காசிக்கு வருவோம். தூக்கம் நோயல்ல, அந்தக் கைப்பேசியும் இப்படித்தான் தூங்கி விழிக்கிறது. அட்டை, அதன் ஃபர்ம்வேர், அட்டையை இயக்கும் லினக்ஸ் நிரலான டிரைவர், ரவுட்டர் ஆகிய நான்கும் ஒத்துப்போனால் பத்தில் ஒரு விநாடித் தூக்கத்தை யாரும் உணர மாட்டார்கள். பழைய அட்டைகள் சிலவற்றில் ஒத்துப்போவதில்லை. அசையாத ஒரு பக்கத்தைத் திரையில் காட்டிவிட்டு ஆசிரியர் பேச மட்டும் செய்யும்போது தரவு சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. "வேலை இல்லை" என்று அட்டை கண்ணயர்கிறது, பீக்கனைத் தவறவிடுகிறது, குரல் தாமதமாக வருகிறது. தாமதமாக வந்த குரலை வகுப்பு மென்பொருள் தூக்கி எறிகிறது.

சார்ஜர்? விசாரித்தபோது விடை கிடைத்தது. பேட்டரி நீடிக்கட்டும் என்று உறவினர் ஒருவர் மின்சிக்கன மென்பொருள் ஒன்றை நிறுவிக் கொடுத்திருக்கிறார். சார்ஜர் கழன்றதும் வைஃபையின் தூக்கத்தை இயக்குவதும், செருகியதும் நிறுத்துவதும் அதன் இயல்பான அமைப்பு. அதன் அமைப்புக் கோப்பில் ஒரே வரியை மாற்றினோம். அந்த மென்பொருள் இல்லாதவர்கள் உபுண்டுவில் இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பைப் பார்க்கலாம். வைஃபை மின்சிக்கனத்துக்கு எதிரே 3 என்றிருந்தால் இயங்குகிறது, 2 என்று மாற்றினால் நிற்கும். உடனே சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் 'ஐ, டபிள்யூ' என்ற இரண்டெழுத்துக் கட்டளை போதும். பேட்டரி சற்று விரைவாகத் தீரும், உண்மைதான். வகுப்பு நேரத்தில் திரை தின்னும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் அது சிறு செலவு.

டெர்மினலில் ஒட்டச் சொன்ன அந்தப் பத்து வரிகளையும் வாங்கிப் பார்த்தேன். ஏழு வரிகள் வேறொரு நிறுவனத்தின் அட்டைக்கானவை. பொருள் தெரியாமல் கட்டளையை ஓதுவது மந்திரிப்பதற்குச் சமம். பலித்தாலும் ஏன் பலித்தது என்று தெரியாது, பலிக்காவிட்டால் இன்னொரு மந்திரத்தைத் தேட வேண்டும். லினக்ஸின் பெருமையே அதன் உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்பதுதான். ஒரு காலத்தில் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகளுக்குத் திறந்த மூல லினக்ஸ் டிரைவரே கிடையாது. தன்னார்வலர்கள் அந்த நிறுவனத்தின் மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து, சில்லின் நடத்தையைப் புரிந்துகொண்டு தாங்களே எழுதினார்கள். 2010-இல்தான் அந்த நிறுவனம் திறந்த மூல டிரைவர் ஒன்றை வெளியிட்டது. சென்னையில் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நமக்கு இருக்கிறது. அதுபோன்ற முயற்சிகளுக்குத் தரும் பொதுப்பணத்தில் ஒரு பங்கு இந்த டிரைவர் வேலைக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எட்டு ஆண்டுப் பழைய மடிக்கணினியில் படிக்கும் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்குப் புதிய அட்டையைவிட நல்ல டிரைவர் மலிவு.

வாசகியின் மகளையும் பிங் சோதனை செய்யச் சொல்லியிருந்தேன். வீட்டில் கம்பியில் இணைந்த பழைய மேசைக் கணினி ஒன்று இருந்தது. தூக்கத்தை நிறுத்திய பிறகு வந்தவை 2, 3, 2, 2. நிறுத்துவதற்கு முன் வந்தவற்றை நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்: 18, 42, 66, 90, 12, 36, 162, 84, 5. அந்த 162-ஐச் சுற்றி வட்டமிட்டு, "இது மட்டும் ஏன் படிக்கட்டில் நிற்கவில்லை?" என்று கேட்டிருந்தாள். நான் பதில் எழுதுவதற்குள் இன்னொரு படம் வந்தது. 36-உம் 24-உம் 60. 162-இல் 60 போக 102. "ஒரு பீக்கனைத் தவறவிட்டுவிட்டு அடுத்ததில் எடுத்துக்கொண்டிருக்கிறது" என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். ஆசிரியரின் குரல் தொலைந்துகொண்டிருந்த இடம் அதுதான்.