பைப் புகையிலை ஈரமாக இருந்தால் புகை குளிர்ச்சி என்று யார் சொன்னது?

இந்த ஐப்பசியில் மட்டும் இப்படிச் சொல்லி என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். குன்னூரில் மழை பிடித்துக்கொண்டு விடாத வாரம், உப்பு ஜாடியில் நீர் கோத்து, தீப்பெட்டி நமத்து, துவைத்த துணி நாலு நாளாகியும் காயாமல் கிடந்த வாரம். அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் வந்து நாற்காலியில் சாய்ந்து, "காபி குடிச்சாக்கூட மேலண்ணம் எரியுது டாக்டரம்மா" என்றார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பினேன். மேலண்ணம் முழுக்க வெளிறிச் சாம்பல் பூத்திருந்தது, அதன்மேல் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றும் வீங்கிப்போன ஒரு குட்டி உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய். "பைப் பிடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டேன்.

பிடிக்கிறார். வெலிங்டன் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவக்காரர்கள், எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தவர்கள் என்று இங்கே பைப் பிடிக்கிற கூட்டம் சின்னதாக இன்னும் இருக்கிறது. இவர் முப்பது வருடம் டீ ஃபேக்டரி நடத்தியவர். "நான் ஜாக்கிரதையாத்தான் இருக்கேன், புகையிலை காயவே விடறதில்லை. டின்னுக்குள்ள எப்பவும் ஒரு ஆப்பிள் துண்டு போட்டு வச்சிருப்பேன். ஈரமா இருந்தா புகை குளிர்ச்சியா வரும்ல?" என்றார்.

இதே வார்த்தையைத்தான் மற்ற மூன்று பேரும் சொன்னார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வராது சார். தண்ணீர் குளிர்ச்சியானது, அதனால் ஈரப் புகையிலையின் புகையும் குளிர்ச்சி என்று கணக்குப் போடுகிறீர்கள். பைப்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஈர இலை எரிவதற்கு முன்னால் அதிலுள்ள தண்ணீர் கொதித்து வெளியேற வேண்டும். அதுவரை நெருப்பு நிற்காது, அணைந்து அணைந்து போகும். அணையாமல் இருக்க நீங்கள் வேகவேகமாக இழுக்கிறீர்கள், திரும்பத் திரும்பத் தீக்குச்சி கிழிக்கிறீர்கள், ஊதுலைக்குத் துருத்தி போட்ட மாதிரி கங்கு இன்னும் சூடேறுகிறது. கொதித்த தண்ணீர் எங்கே போகும்? நீராவியாகத் தண்டு வழியாக உங்கள் நாக்குக்கும் அண்ணத்துக்கும்தான். அடுப்பின் மேலே சூடான காற்றில் கையைக் காட்டினால் கொஞ்ச நேரம் தாங்கும். இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததும் குப்பென்று அடிக்கிற ஆவி கையில் பட்டால்? ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது தான் சுமந்து வந்த சூட்டை எல்லாம் அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. பைப்பில் அவ்வளவு சூடு இல்லைதான், ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை, வருடக்கணக்கில், அதே இடத்தில் படுகிறது. தண்டுக்குள் கொடகொடவென்று சத்தம் கேட்கிறதே, வாயில் கசப்பாகப் பழுப்பு நீர் வருகிறதே, அது இந்த ஆவி குளிர்ந்து நீரானதுதான். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் உங்கள் புகையிலை ஈரம், அவ்வளவுதான் விஷயம். ருசியாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாசனை எல்லாம் ஆவியில் கரைந்து, வேகவைத்த இலை மாதிரிதான் இருக்கும்.

டீக்காரர் அவர், அதனால் அவர் பாஷையிலேயே சொன்னேன். பறித்த பச்சைத் தேயிலையில் முக்கால் பங்கு தண்ணீர், டிரையரில் இருந்து வெளியே வரும்போது 3 சதவீதம். பைப் புகையிலை அந்த அளவுக்குக் காயவும் கூடாது, பச்சையாகவும் இருக்கக் கூடாது, 12-லிருந்து 15 சதவீதம் வரை என்றால் சரி. அதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அழுத்தி விடுங்கள். கட்டியாக ஒட்டிக்கொண்டே இருந்தால் ஈரம். மொறுமொறுவென்று நொறுங்கினால் காய்ந்தது. மெதுவாக விரிந்து பழையபடி ஆனால் போதும்.

சமவெளிக்காரர்கள் சொல்கிற யோசனையை இங்கே அப்படியே செய்யாதீர்கள். பைப்பில் போடும் முன் மேஜையில் கொஞ்ச நேரம் பரப்பி வை, காய்ந்துவிடும் என்பார்கள். மதுரையில் காயும். மூடுபனி ஜன்னலுக்குள் நுழைகிற குன்னூர் வீட்டில் மேஜையில் வைத்த புகையிலை இன்னும் ஈரம் இழுக்கும். ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் காகிதத்தில் பரப்பி, மேஜை விளக்கின் அடியிலோ கணப்பு அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளியோ கால் மணி நேரம் வையுங்கள். மிச்சத்தை ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடியில் இறுக்கி மூடுங்கள். ஜனவரியில் கதையே வேறு. ஊட்டியில் உறைபனி விழுகிற அந்த நாட்களில் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் புகையிலை சருகாகிவிடும், சருகு சட்டென்று பற்றிச் சூடாக எரியும், அதுவும் நாக்கைப் பொசுக்கும். சுருட்டுக்கு என்று விற்கிற, உள்ளே காற்றை 70 சதவீத ஈரப்பதத்தில் வைக்கிற மரப்பெட்டியும் பைப் புகையிலைக்கு அதிகம்.

அப்புறம் அந்த ஆப்பிள் துண்டு. தயவுசெய்து வேண்டாம், உருளைக்கிழங்கும் வேண்டாம். மறுநாள் டின்னைக் கொண்டுவரச் சொன்னேன், கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் பாசி பிடித்த சுவர் வாடை. சுருங்கிப்போன ஆப்பிளைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நார், அதன் நடுவே பச்சையாகப் பூசணம். "மேலாப்ல எடுத்துட்டு மிச்சத்தை உபயோகிக்கலாமே" என்றார். கூடாது. அந்தப் பூசணத்தின் வித்து டின் முழுக்கப் பரவியிருக்கும், பற்றவைத்து நுரையீரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். பழைய புகையிலையின் மேல் சில நேரம் சர்க்கரை போல மினுங்குகிற படிகம் படியும், அது வேறு. பஞ்சு போல இருந்தால், மக்கிய வாடை அடித்தால், டின்னோடு குப்பையில் போடுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, ஈரத்தைச் சரி செய்தால் பைப் பிடிப்பது ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள், அதற்காக நான் எழுதவில்லை. "நான் உள்ளே இழுக்கறதில்லை" என்பீர்கள். இழுக்க வேண்டியதே இல்லை. வாயில் வைத்திருந்தாலே நிக்கோடின் ஏறுகிறது, வாய்ப்புற்றும் உதட்டுப்புற்றும் பைப்பால் வருகின்றன. பைப் பிடிக்கிறவர்களுக்குக் கீழ் உதட்டில் புற்று வருவதை 1795-லேயே ஒரு ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தார். சூடு என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ஆந்திரக் கடலோரத்தைத்தான் எங்களுக்குப் பாடத்தில் காட்டுவார்கள். அங்கே ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம் பெண்கள் கொள்ளி முனை வாய்க்குள் இருக்கும்படி சுருட்டைப் பிடிப்பார்கள், அவர்களுக்குப் புற்று வருவது மேலண்ணத்தில்.

நம் ஆளின் அண்ணத்தில் இருந்தது அந்த வகை இல்லை. பைப்பை நிறுத்தினால் சில வாரங்களில் பெரும்பாலும் பழைய நிறம் திரும்பும். ஒரு மாதமாகியும் திரும்பாவிட்டால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அதையும் சொல்லித்தான் அனுப்பினேன். நிறுத்த உதவி வேண்டும் என்பவர்களுக்கு 1800-11-2356 என்ற எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

புகையிலையை நிறுத்த மனசில்லாதவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான். உதட்டிலோ நாக்கிலோ கன்னத்து உட்புறத்திலோ ஒரு புண், ஒரு வெள்ளைத் திட்டு, ஒரு தடிப்பு இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலிக்கவில்லை என்பதால் தள்ளிப்போடவும் வேண்டாம். போன வருடம் கோத்தகிரியிலிருந்து ஒருவர் ஆடியில் பார்த்த புண்ணை தை மாதம் கொண்டுவந்து காட்டினார், ரோடு சரியில்லை என்று. வாருங்கள். பைப்பையும் கையோடு எடுத்துவாருங்கள், எந்த இடத்தில் கடித்துப் பிடிக்கிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்.