அப்பா இறந்த வாரத்திலேயே பிள்ளை ஏன் விளையாடப் போகிறான்?

பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருக்காது, அப்பாவை இழந்த 14 வயதுப் பையன் மட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவான். "இவனுக்குக் கொஞ்சமாவது துக்கம் இருக்கா பாரு" என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பிப்பார்கள். இருக்கிறது. துக்கம் வேலை செய்யும் விதமே அப்படித்தான்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹெங்க் ஸ்குட்டும் 1999இல் இதைத் தெளிவாக விளக்கினார்கள்: இழந்தவரை நினைத்து ஏங்குவது ஒரு பக்கம், அதை ஒதுக்கிவிட்டு அன்றாட வேலையைப் பார்ப்பது இன்னொரு பக்கம், மனம் இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போய்வருகிறது, அந்தப் போக்குவரத்துதான் நம்மைத் தாங்கவைக்கிறது. பெரியவர்களுக்கும் இதேதான், பிள்ளைகளிடம் சட்டென்று மாறுவதால் பளிச்சென்று தெரிகிறது. போதாததற்கு, உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் வேகமாக இயங்க, அதை அடக்கி நிதானப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுசாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அதனால் துக்கம் அழுகையாக வராமல் எரிச்சலாக, கதவை அறைவதாக, குறையும் மதிப்பெண்ணாக வெளியே வரும்.

சரி, இந்த வயதுப் பிள்ளைகள் தங்களையே கேட்டுக்கொள்ளும் "நான் யார்" என்ற கேள்விக்கு வருவோம். வளரிளம் பருவத்தின் முக்கிய வேலையே இதுதான் என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். பொதுவாகப் பிள்ளைகள் இந்த வயதில் அப்பா அம்மாவோடு சண்டை போட்டு, அவர்கள் சொல்வதை மறுத்து, அப்புறம் பாதியை ஏற்றுக்கொண்டுதான் தங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். சண்டை போட வேண்டிய ஆளே இல்லாமல் போனால்? இறந்தவரை மறுத்துப் பேசவும் மனம் வராது. இந்த நேரத்தில் "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்று தோளைத் தட்டுவதைப் போல் ஒரு கொடுமை கிடையாது. அவன் தேடத் தொடங்கும் முன்பே பதிலைத் திணிக்கிறோம்.

நடந்தவற்றைக் காரணத்தோடு கோத்து "இதனால்தான் நான் இப்படி ஆனேன்" என்று சொல்லும் திறன் இந்தப் பருவத்தில்தான் உருவாகிறது என்று உளவியலாளர்கள் டில்மன் ஹாபர்மாஸும் சூசன் பிளக்கும் 2000இல் எழுதினார்கள். அதனால்தான் 9 வயதில் அம்மாவை இழந்து, நன்றாகத் தேறிவிட்டதாக எல்லோரும் நினைத்த பெண், பிளஸ் டூ முடிவு வரும் நாளில் உடைந்து அழுகிறாள். பழைய காயம் ஆறவில்லை என்று அர்த்தமில்லை. அம்மா இருந்திருந்தால் நான் எப்படி இருந்திருப்பேன் என்று கேட்கும் அறிவு அவளுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

அப்போது அவளிடம் அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். நல்லதை மட்டுமல்ல, அம்மாவின் கோபம், பிடிவாதம், அவர் பள்ளியில் வாங்கிய திட்டு, எல்லாவற்றையும். இறந்தவரை மறக்கவைப்பதைவிட அவரோடு உள்ள உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பானது என்று 1990களிலிருந்தே ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள், அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்வதும் அதில் சேர்த்தி. ஆனால் மாதக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போகாமல் இருந்தாலோ, தான் சாவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலோ காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகலாக இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.